தகரம் தட்டியவர்

பரமத்தி வேலூரில் என் மகள் கால்பந்து ஆடும்போதெல்லாம், ஒரு வெற்றிலை வியாபாரி கோலுக்குப் பின்னால் நின்று எண்ணெய்த் தகரத்தைத் தட்டுவார். ஒல்லியான ஆள். தோளில் எப்போதும் ஈரத்துண்டு.

ஒருநாள் என்னிடம் ஓடி வந்தார். "ஏனுங்க, நம்ம பாப்பா சென்னை டீமுக்குப் போகுதாமா?"

ஒப்பந்தம் கையெழுத்தாகுமுன் வெளியே தெரிந்தால் காரியம் கெட்டுவிடுமோ என்று எனக்குப் பயம். "எவனோ கெளப்பி உட்டதுங்க," என்றேன்.

"அப்பனே சொல்லிட்டாரு, போங்கடா!" என்று கூட்டத்தைப் பார்த்துக் கத்தினார்.

அடுத்த ஆட்டத்தில் அவள் இல்லை. "பாப்பாவுக்கு ஒடம்பு சரியில்லீங்களா?" என்றார். அவள் சென்னை டீமுக்குப் போய்விட்டாள் என்ற உண்மையை அப்போதுதான் சொன்னேன்.

தகரத்தைக் கீழே வைத்தார். "அன்னிக்கே சொல்லியிருந்தா மேளம் வெச்சு அனுப்பியிருப்பமுங்களே."

அவள் கிளம்பிய அன்று, என் மகளை வழியனுப்ப பஸ் ஸ்டாண்டில் நான் ஒருவன்தான் நின்றிருந்தேன்.