சந்திரமதியின் கட்டைவிரல்

சந்திரமதி போராடி வாங்கியவை இவை. கூடுதல் நேர வேலைக்கான மூன்று மாத ஓட்டி சம்பளம், ஆறு பெண்களுக்கு. சோப்புக் காய்ச்சும் காரத் தொட்டிக்கு ஒரு மரமூடி. கண்ணில் காரம் தெறித்தால் கழுவ ஒரு நல்ல தண்ணீர்க் குழாய். ரப்பர் கையுறை ஆறு ஜோடி. கையுறைகள் கம்பெனிக்கு வந்து சேர்ந்தபோது அவள் அங்கே வேலையில் இல்லை. அவள் கை அவற்றுக்குள் நுழைந்ததே இல்லை. பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவள், புருஷனைப் பறிகொடுத்தவள், முப்பத்தோரு வயதில் தன் கட்டைவிரலைக் காட்டியே இத்தனையையும் வாங்கினாள்.

சிராங்கூன் ரோட்டிலிருந்து காலாங் ஆற்றுப் பக்கம் இறங்கினால் அந்தச் சோப்புக் கம்பெனி. தகரக் கூரை, சன்னல் இரண்டே இரண்டு. காய்ச்சிய சோப்பைப் பலகைப் பெட்டியில் ஊற்றி இறுக விடுவார்கள். இறுகியதைக் கம்பியால் அறுத்து, விளிம்பைச் சுரண்டித் தாள் சுற்றுவது பெண்கள் வேலை. நாளுக்கு இரண்டு வெள்ளி இருபது காசு. சோப்பு மூன்று வாரமாவது ஆற வேண்டும். கம்பெனி மூன்றாம் நாளே அறுக்கச் சொன்னது. ஆறாத சோப்பில் காரம் அப்படியே நிற்கும். தொட்டவர் தோலைத் தின்னும்.

சந்திரமதி நான்கு வருஷம் அதைத் தொட்டாள். முதல் வருஷம் விரல் நுனி வெடித்தது. இரண்டாம் வருஷம் உரிந்தது. பிறகு வழவழவென்று, வேகவைத்த முட்டை போல ஆகிவிட்டது. ரசம் பட்டால் எரியும் என்று கரண்டியால் சாப்பிட்டாள். "துரைசானி சாப்பிடறா பாரு" என்று குடியிருந்த வீட்டில் சிரித்தார்கள். வேலையை மேய்க்கும் மண்டோரிடம் கையுறை கேட்டதற்கு அவன், "வேணாம்னா போ லா. கேட்டுக்கு வெளியே பத்துப் பேர் நிக்கிறாங்க" என்றான். நின்றார்கள் என்பதும் உண்மைதான்.

1958இல் ஜூன், ஜூலை, ஆகஸ்டு மூன்று மாதமும் தினம் இரண்டு மணி நேரம் கூடுதல் வேலை. அதற்கான ஓட்டி சம்பளத்தைக் கேட்டால் கிராணி முத்துசாமி முதலாளி மேல் பழியைப் போட்டு, "தவ்க்கே இன்னும் குடுக்கல" என்பான். கம்பெனிக் கணக்கெல்லாம் இந்த முத்துசாமி கையில். செப்டம்பரில் அவள் துறைமுகத்தில் வேலை பார்க்கும் அண்ணன் அழகப்பனிடம் போனாள். அவர் ஐந்தாவது வரை படித்தவர். அவள் சொல்லச் சொல்ல, அடித்தல் திருத்தல் இல்லாமல் மூன்று முறை படியெடுத்து, தொழிலாளர் அலுவலகத்துக்கு ஒரு மனு எழுதிக் கொடுத்தார்.

அக்டோபர் 17ஆம் தேதி விசாரணை. மேசைக்குப் பின்னால் ஒரு வெள்ளைக்கார அதிகாரி. பக்கத்தில் மொழிபெயர்க்க இராஜசிங்கம் என்ற யாழ்ப்பாணத்துக்காரர். முத்துசாமி வேட்டியை இழுத்து விட்டுக்கொண்டு சம்பளப் புத்தகத்தை விரித்தான். ஆறு பேருக்கும் ஓட்டி கொடுத்தாகிவிட்டதாம். ஒவ்வொரு பெயருக்கு நேரேயும் கைநாட்டு இருந்தது.

"உங்கட பேர் இதுதான்" என்று இராஜசிங்கம் ஒரு வரியைத் தொட்டுக் காட்டினார். தன் பெயர் எழுத்தில் எப்படி இருக்கும் என்பதை சந்திரமதி அன்றுதான் பார்த்தாள். அதற்கு நேரே இருந்த கைநாட்டையும் பார்த்தாள். வட்டம் வட்டமாக, ஒரு கோடு பிசகாமல் ரேகை பதிந்திருந்தது.

"ஐயா, இது என் விரல் இல்லீங்க."

"பொய் சொல்றா. என் கண் முன்னாடி வச்சா" என்றான் முத்துசாமி.

"என் விரல்ல ரேகையே இல்லீங்களே! எங்கேர்ந்து வைப்பேன்?"

அதிகாரி மைத்தட்டை நகர்த்தினார். அவள் அழுத்தினாள். தாளில் ஒரு கருப்புப் பொட்டு விழுந்தது, கோடே இல்லை. அடுத்து, அவளோடு சோப்பு அறுக்கும் ருக்கையா வைத்தாள். அதுவும் பொட்டு. ஆறு பேர், ஆறு பொட்டு.

"எங்க ரேகையெல்லாம் ஊரு பூரா சோப்புல போயிடுச்சு துரை. குளிக்கிறப்போ தேடிப் பாருங்க" என்றாள் ருக்கையா. இராஜசிங்கம் சிரிப்பை அடக்கிக்கொண்டு அதையும் மொழிபெயர்த்தார்.

அதிகாரி முத்துசாமியின் பக்கம் திரும்பி, உன் கட்டைவிரலைக் கொடு என்றார். முத்துசாமி கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

பணத்தை அலுவலகத்தில் கட்டிவிடக் கம்பெனி ஒத்துக்கொண்டது. மூடி, குழாய், கையுறை எல்லாவற்றுக்கும் உத்தரவு போனது. மறுநாள் காலை மண்டோர் கேட்டிலேயே சந்திரமதியை நிறுத்தினான். "ஒனக்கு வேல இல்ல." அவ்வளவுதான். மற்ற ஐவரையும் உள்ளே விட்டான். அவர்கள் தலையைக் குனிந்துகொண்டு போனார்கள். வேறு இரண்டு கம்பெனிகளில் கேட்டாள். பேரைச் சொன்னதுமே இல்லை என்றார்கள். கடைசியில் ஒரு சாப்பாட்டுக் கடையில் தட்டுக் கழுவும் வேலை கிடைத்தது, நாளுக்கு ஒன்றரை வெள்ளிக்கு. அங்கேயும் கை தண்ணீரில்தான்.

நவம்பர் 7, வெள்ளிக்கிழமை, தொழிலாளர் அலுவலகத்தில் பணம் கொடுக்கும் நாள். ஐந்து பேரும் கருப்புப் பொட்டு வைத்து, சாட்சி போட்டு வாங்கிக்கொண்டார்கள். சந்திரமதியின் முறை வந்தது. அவள் கையை நீட்டவில்லை.

"ரேகை விழாட்டிலும் பரவாயில்லை. ரெண்டு சாட்சி போட்டால் காணும்" என்றார் இராஜசிங்கம்.

"வேணாங்கய்யா. பொட்டு யாரு வேணும்னாலும் வைக்கலாம். நான் பேரு எழுதி வாங்கிக்கிறேன்."

"எழுதத் தெரியுமோ?"

"தெரியாதுங்க. அடுத்த வெள்ளிக்கிழமை தெரியும்."

ருக்கையா அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். "அடியே, பைத்தியமா ஒனக்கு? திங்கக்கெழம தீவாளி. ஒம் மக லீலாவுக்கு ஒரு சட்ட எடுக்க வேணாம்?"

"என் பேருக்கு நேரா அவன் வெரல வச்சிருந்தானேக்கா. அதப் பாத்ததுலேர்ந்து எனக்குச் சோறு எறங்கல."

அண்ணன் சீனிப் பையைக் கிழித்து, உள்பக்கத்தில் அவள் பெயரை உருட்டி உருட்டி எழுதிக் கொடுத்தார். அவள் உற்றுப் பார்த்துவிட்டு, "இது என் பேரு இல்லண்ணே" என்றாள்.

"என்ன இல்ல? ச, ந், தி, ர, ம, தி. சரியாத்தானே இருக்கு!"

"புத்தகத்துல கடைசில ஒரு வாலு இருந்துச்சு, பின்னால சுழிச்சிக்கிட்டு."

அழகப்பனுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. "அது கிராணியோட வாலும்மா. அவன் எழுதுறது அப்படி."

"அப்போ ஆளுக்கு ஒரு மாதிரி எழுதலாமா?"

"எழுதலாம்."

பென்சில் மெலிந்த தோலை உரசிப் புண்ணாக்கியது. துணி சுற்றிக்கொண்டு எழுதினாள். துணி நனைந்தால் மாற்றிக்கொண்டாள். தீபாவளிக்கு லீலா போன வருஷத்துச் சட்டையைப் போட்டுக்கொண்டாள். வளர்ந்த பிள்ளைக்கு அது முழங்காலுக்கு மேல் நின்றது. அறை வாடகை கேட்டு வந்தவரிடம் சந்திரமதி வெள்ளிக்கிழமை என்றாள். அவர் நம்பவில்லை, பாயைச் சுருட்டி வைக்கச் சொல்லிவிட்டுப் போனார். வியாழக்கிழமை வரை 'ந்' அவளுக்கு வளையவே இல்லை.

மறுநாள் கடையில் அரை நாள் கூலியை விட்டுவிட்டு, தொழிலாளர் அலுவலகத்துக்கு நடந்தே போனாள். இராஜசிங்கம் பேனாவை மையில் தொட்டுக் கொடுத்தார். பின்னால் வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. ஆறு எழுத்துக்கு ஆறு நிமிஷம் ஆனது. அண்ணன் எழுத்தின் உருட்டல் அதில் இல்லை, கிராணியின் வாலும் இல்லை. கோணலாக, கட்டத்துக்கு வெளியே இறங்கி நின்றது. பக்கத்தில் தேதியை இராஜசிங்கம் எழுதினார்: 1958 நவம்பர் 14.