ஓலைத்தொடுவாய் அங்கத்தவரின் ஆங்கிலம்

மன்னாரில் மீள்குடியேற்றம் நடந்துகொண்டிருந்த ஆண்டுகளில் சங்கம் அமைப்பது எங்கள் மக்களுக்குக் கைவந்த வேலையாயிற்று. கூரைத்தகடு கொடுக்க வந்த நிறுவனம் ஒரு சங்கம் கேட்டது. வலை கொடுக்க வந்த நிறுவனம் இன்னொரு சங்கம் கேட்டது. கிணறு இறைத்துத் துப்புரவாக்க வந்தவர்கள், இருந்த சங்கங்கள் போதாவென்று, தங்களுக்கெனப் புதிதாக ஒன்றை அமைக்கச் சொன்னார்கள். ஒரே மனிதர் காலையில் ஒரு சங்கத்தின் பொருளாளராகவும் பிற்பகலில் மற்றொன்றின் உபதலைவராகவும் இருப்பது வழக்கமாயிருந்தது. ஆதலால், இணைய வசதி எல்லோரையும் சென்றடைய வேண்டுமென்று உலகெங்கும் அங்கத்தவர்களைச் சேர்க்கும் இலாப நோக்கற்ற ஓர் அமைப்பு, மன்னாரிலும் தனக்கு ஒரு கிளை வேண்டுமென்று எனக்கு எழுதியபோது, முப்பது பேரைத் திரட்ட எனக்கு ஒரு வாரம்கூடத் தேவைப்படவில்லை.

எனக்கு ஏன் எழுதினார்கள் என்பதைச் சொல்ல வேண்டும். கல்லூரியில் ஆங்கிலத்துக்குப் பரிசு பெற்றவன் நான். பின்னர் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளனாகச் சேவை முழுவதையும் கழித்தேன். அந்தப் பதவியை ஊரில் முதலியார் என்பார்கள். ஓய்வு பெற்ற பின்னும் நான் முதலியார் ஐயாதான். சாட்சி சொன்னதற்கு மேல் ஒரு சொல்லைக் கூட்டாதவன், ஒரு சொல்லைக் குறைக்காதவன் என்ற பெயர் எனக்கிருந்தது. சாட்சி ஒருவர் நீதிபதியை எருமை என்றபோது, எருமை என்றே மொழிபெயர்த்தேன். கொழும்பில் நடந்த ஒரு கருத்தரங்கில் அந்த அமைப்பினருக்கு இரண்டு நாட்கள் மொழிபெயர்த்துக் கொடுத்தமையால் என் முகவரி அவர்களிடம் இருந்தது.

அங்குரார்ப்பணக் கூட்டம் மன்னார் நகரில் ஒரு பாடசாலை மண்டபத்தில் நடைபெற்றது. புத்தளத்திலிருந்து திரும்பி வந்து உப்புக்குளத்தில் இரும்புக்கடை திறந்திருந்த வியாபாரி ஒருவர் முதற் கேள்வியை எழுப்பினார்.

“முதலியார் ஐயா, இதில சேர்ந்தா என்ன தருவாங்க?”

“அங்கத்துவம் தருவார்கள்.”

“அது விளங்குது. அதோட என்ன தருவாங்க?”

“கருத்துச் சொல்லும் உரிமை தருவார்கள்.”

“அதுக்குப் பதிலாத் தகரமெண்டாலும் தந்திருக்கலாம்” என்றது பின்வரிசையில் ஒரு குரல். அதை நான் கூட்டக் குறிப்பில் சேர்க்கவில்லை.

கிளை அங்கீகரிக்கப்பட்டால் கோபுரங்கள் எங்கே வரவேண்டும், எந்த ஊருக்கு இணைப்பு இல்லை என்பன பற்றி மன்னாரின் சொல் கொழும்பிலும் வெளிநாட்டிலும் கேட்கப்படும் என்று விளக்கினேன். போட்டியின்றித் தலைவராகத் தெரிவானேன். ஆண்டு முடிவதற்குள் அங்கீகாரம் கிடைத்துவிடும் என்று மாவட்டத்தின் அரசாங்க அதிபருக்கு எழுத்தில் உறுதியளித்தேன். பத்திரிகை ஒன்று அதை என் படத்துடன் வெளியிட்டது. என் பெயர் அந்த அங்கீகாரத்துடன் கட்டப்பட்டுவிட்டது என்பதை அன்றே நான் உணர்ந்திருந்தேன். அதுபற்றி எனக்கு அப்போது கவலை இருக்கவில்லை.

அங்கத்தவர் ஒவ்வொருவருக்கும் மின்னஞ்சல் முகவரி வேண்டும் என்பது அமைப்பின் விதி. முப்பது பேரில் இருபத்திரண்டு பேருக்கு அது இல்லை. என் வீட்டுக் கணனியில் அவர்களுக்கு முகவரிகளை உருவாக்கி, கடவுச்சொற்களை ஒரு கொப்பியில் ஒழுங்காக எழுதி, கொப்பியை அலுமாரியில் வைத்துப் பூட்டினேன். முகவரி வைத்திருந்த எட்டுப் பேரும், தங்களுக்கு வேலை இருப்பதாகச் சொல்லி, தங்களுடைய கடவுச்சொற்களையும் என்னிடமே தந்தார்கள்.

பின்னர் தலைமையகத்திலிருந்து ஒவ்வொருவருக்கும் ஒரு கேள்வி வந்தது. இணையம் உங்கள் வாழ்க்கையில் என்ன இடம் பெறுகிறது, உங்கள் சொந்த வார்த்தைகளில், எந்த மொழியிலும் எழுதலாம் என்றிருந்தது. எங்கள் பக்கத்தில் ஓர் அரசாங்கக் கந்தோருக்குப் போகும் கடிதத்தைச் சொந்த வார்த்தைகளில் எழுதுவது அந்தக் கந்தோரை அவமதிப்பதாகும். எழுதத் தெரிந்தவரைக் கொண்டே எழுதுவிப்பார்கள். கையொப்பம் மட்டும் சொந்தமானது. மன்னாரிலிருந்து குறைபாடுள்ள ஓர் ஆங்கிலக் கடிதம் உலகத்துக்குப் போவதை நானும் விரும்பவில்லை.

எனவே ஓலைத்தொடுவாய் மீனவர் ஒருவரிடம் கேட்டேன். அவர் சொன்னார்:

“கடலுக்க போனா சிக்னல் இல்லை. கரையில நிண்டா தொழில் இல்லை. இதுக்குள்ள இணையம் எங்க ஐயா?”

இதை நான், கடல்சார் வாழ்வாதாரத்தின் நிலையின்மையைத் தங்கள் மேலான கவனத்துக்குக் கொண்டுவரும் அதேவேளை, தொடர்பாடல் வசதிகளின் பயனை எமது சமூகம் ஆழ்ந்த நன்றியுடன் நினைவுகூருகின்றது என்ற பொருள்பட ஆங்கிலத்தில் அமைத்தேன். அது நல்ல கடிதம். இன்றும் அப்படியே கருதுகிறேன்.

இதுபோல் முப்பது பதில்கள் சென்றன. தொடர்ந்து வந்த கருத்துக்கணிப்புகளுக்கும் நானே பதிலளித்தேன். முப்பது பேரும் ஒரே கருத்தைக் கொண்டிருப்பது ஐயத்துக்கு இடமளிக்கும் என்பதால், நானாட்டான் பகுதி அங்கத்தவர் மூவரை மாற்றுக் கருத்துக் கொள்ளச் செய்தேன். பின்னர் அவர்களிடம் தெரிவித்தபோது, அவர்களும் அதற்கு உடன்பட்டார்கள்.

என் மனைவி இதைக் கவனித்துக்கொண்டிருந்தார். “முப்பது பேருக்கும் நீங்களே யோசிக்கிறியள். அப்ப முப்பது பேற்ற தேத்தண்ணியையும் நீங்களே குடிச்சு விடுங்கோவன்” என்றார். நான் அடுத்த கருத்துக்கணிப்பைத் திறந்தேன்.

கிளைகள் அபிவிருத்திக்குப் பொறுப்பான அலுவலர் ஓர் அம்மணி. மன்னார் அங்கத்தவர்களின் ஈடுபாடு தங்கள் அலுவலகத்தில் பேசப்படுவதாக அவர் எழுதினார். குறிப்பாக ஓலைத்தொடுவாய் மீனவரின் கடிதத்தைத் தங்கள் கூட்டத்தில் வாசித்ததாகவும், அங்கீகாரத்தை உறுதி செய்வதற்கு முன் அவருடன் காணொளியில் பேச விரும்புவதாகவும், அவர் தமது தாய்மொழியிலேயே பேசலாம் என்றும் எழுதினார். மொழிபெயர்ப்பாளர் கிடைப்பாரா என்று கேட்டிருந்தார். சத்தியப்பிரமாணம் செய்த மொழிபெயர்ப்பாளர் ஒருவர் கிளையிலேயே உள்ளார் என்று அன்றே பதில் அனுப்பினேன். அந்தப் பதிலை அனுப்பி இரண்டு நாட்கள் கழிந்த பின்னரே அதன் விளைவை முழுமையாகச் சிந்தித்தேன்.

மீனவருக்கு முன்கூட்டியே எதையும் சொல்லிக் கொடுக்கவில்லை. சாட்சிக்குச் சொல்லிக் கொடுப்பது குற்றம். இதை நான் தயக்கமின்றி முடிவு செய்தேன் என்று எழுத விரும்புகிறேன். ஆனால் ஒருநாள் ஓலைத்தொடுவாய்க்குப் போகும் பேருந்தில் ஏறி, பாதி வழியில் இறங்கித் திரும்பி வந்ததையும் எழுத வேண்டும்.

பேச்சு நானாட்டானில் நடந்தது. ஓலைத்தொடுவாய் இருக்கும் மன்னார்த் தீவைவிட அங்கே இணைப்பு உறுதியாயிருந்தது. பிரதேச செயலகத்துக்கு அருகில் போட்டோப் பிரதி எடுப்பதும் விண்ணப்பம் நிரப்புவதுமாக ஒரு பெண் கடை நடத்திவந்தார். தமிழ்நாட்டு அகதி முகாமில் வளர்ந்து, அங்கேயே கணனி படித்து, பெற்றோருடன் திரும்பியவர். அவரும் எங்கள் அங்கத்தவர். நான் மாற்றுக் கருத்துக் கொள்ளச் செய்த மூவரில் ஒருவர்.

“சார், கேமராவப் பாத்துப் பேசச் சொல்லுங்க. உங்களப் பாக்கக் கூடாது” என்றார் அவர்.

“எனக்கு ஐயாவைப் பாக்காமக் கதைக்க வராது பிள்ளை” என்றார் மீனவர். வெள்ளைச் சேட்டு அணிந்து, எனக்கென்று ஒரு பொதி கருவாட்டுடன் வந்திருந்தார். பொதி மேசையில் கணனிக்குப் பக்கத்தில் இருந்தது.

அலுவலர் திரையில் தோன்றினார். சுகம் விசாரித்தார். பின்னர், அந்தக் கடிதத்தை எழுத எது தூண்டியது என்று மீனவரைக் கேட்டார். நான் மொழிபெயர்த்தேன்.

மீனவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். பிறகு திரையைப் பார்த்துச் சொன்னார்: “நான் எங்க எழுதினனான், அம்மா? எனக்கு என்ர பேரையே இங்கிலிசில எழுத வராது. எல்லாம் முதலியார் ஐயா எழுதினது. எனக்கு மட்டுமில்லை, முப்பது பேருக்கும் அவர்தான். வடிவா எழுதுவார்.”

அவருக்கு வஞ்சகம் எதுவும் இல்லை. என்னைப் புகழ்ந்துகொண்டிருந்தார்.

அந்தப் பெண்ணுக்கு ஆங்கிலம் விளங்கும் என்பதால்தான் நான் உண்மையை மொழிபெயர்த்தேன் என்று பின்னாளில் சிலர் சொன்னதாக அறிகிறேன். அவர் அச்சமயம் தேநீர் வாங்க வெளியே போயிருந்தார் என்பதை இங்கு பதிவு செய்கிறேன். அறையில் இரு மொழியும் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

பழக்கத்தின் காரணமாக நீதிமன்ற முறையிலேயே தொடங்கினேன். “சாட்சி கூறுவதாவது: கடிதத்தைத் தான் எழுதவில்லை. அதை மொழிபெயர்ப்பாளரே எழுதினார். முப்பது அங்கத்தவர்களுக்கும் அவரே எழுதினார்.”

நான் சொல்லி முடிக்கும்போது நெல் மூட்டைகளுடன் ஓர் உழவு இயந்திரம் கடை வாசலைக் கடந்தது. ஒன்றும் கேட்கவில்லை, மன்னிக்க வேண்டும், மறுபடி சொல்ல முடியுமா என்று அலுவலர் கேட்டார்.

இயந்திரத்தின் சத்தம் குளத்து வீதிப்பக்கம் திரும்பி ஓயும்வரை எனக்கு நேரம் கிடைத்தது. மீனவர் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்து, தம் சொல் போய்ச் சேர்ந்ததா என்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒருமுறை சொன்னதை மறுமுறை வேறு விதமாகச் சொல்லும் மொழிபெயர்ப்பாளர்களை நான் கண்டிருக்கிறேன். அவர்களைப் பற்றி என் அபிப்பிராயம் நீதிமன்றத்தில் எல்லோருக்கும் தெரியும். அதே சொற்களை அதே ஒழுங்கில் மறுபடியும் சொன்னேன். “வடிவாக எழுதுவார்” என்பதை முதல் தடவை விட்டுவிட்டேன் என்பது நினைவுக்கு வந்தது. அதையும் சேர்த்துக்கொண்டேன்.

 அந்த மொழிபெயர்ப்பாளர் யார் என்று அலுவலர் கேட்டார்.

“நான்தான்” என்றேன். “கிளையின் தலைவரும் நான்தான்.”

அவர் தலையசைத்து எதையோ குறித்துக்கொண்டார். அதன் பின் அரைமணி நேரம் மீனவருடனேயே பேசினார். சிக்னல் எந்த இடத்தில் அறுகிறது, காற்று மாறுவதைக் கடலில் எப்படி அறிகிறீர்கள், கரையில் உள்ளவர்களுக்கு எப்படிச் செய்தி அனுப்புகிறீர்கள் என்றெல்லாம் கேட்டார். கடலுக்க போனா சிக்னல் இல்லை, கரையில நிண்டா தொழில் இல்லை என்று மீனவர் மறுபடியும் சொன்னார். இம்முறை அதை அப்படியே மொழிபெயர்த்தேன். அலுவலர் சிரித்தார். என் கடிதத்துக்கு அவர் சிரித்ததாகத் தகவல் இல்லை.

தேநீருடன் திரும்பிய பெண், “என்ன சார், முடிஞ்சுதா?” என்று கேட்டார்.

“முடிந்தது” என்றேன்.

விண்ணப்பம் ஒரு வாரத்தில் திரும்பி வந்தது. கண்டனம் எதுவும் இருக்கவில்லை. அங்கத்தவர் ஒவ்வொருவரும் தாமே சேர்ந்து, தாமே எழுதி, தாமே வாக்களித்து மீண்டும் விண்ணப்பிக்கலாம் என்று மட்டும் இருந்தது. கொப்பியிலிருந்த கடவுச்சொற்களைத் தனித்தனித் துண்டுகளில் எழுதி உரியவர்களிடம் ஒப்படைத்தேன். பலர் அவற்றை என்ன செய்வதென்று கேட்டார்கள். உப்புக்குளத்து வியாபாரி துண்டை வாங்கி, “அப்ப எங்கட கருத்த இனி நாங்களா யோசிக்கோணும்?” என்றார். ஆம் என்றேன். “பெரிய கரச்சல்” என்றார்.

அடுத்த நாள் மாவட்டச் செயலகமான கச்சேரிக்குச் சென்று, அங்கீகாரம் கிடைக்கவில்லை என்றும், அதற்குக் காரணம் தலைவரே என்றும், ஒரு கடிதத்தை அரசாங்க அதிபரிடம் நேரில் கையளித்தேன். அவர் என்னைவிட மிக இளையவர்.

“இதை ஏன் ஐயா எழுத்தில தாறியள்? வாயால சொன்னாப் போதாதே? ஆருக்கும் தெரிய வராது.”

“வாக்குறுதியை எழுத்தில் தந்தேன்” என்றேன்.

கடிதம் கிடைத்ததாக என் பிரதியில் முத்திரை இட்டுத் தருமாறு கேட்டேன். தந்தார்கள். பத்திரிகைக்கும் ஒரு பிரதி அனுப்பினேன். அவர்கள் அதை வெளியிடவில்லை. எனினும் செய்தி சந்தைவரை வந்து சேர்ந்துவிட்டது. சில வாரங்கள் வீதியில் என்னைக் கண்டவர்கள் வணக்கம் சொல்வதற்கு முன் சற்றுத் தாமதித்தார்கள். நானும் தாமதித்தே பதில் வணக்கம் சொன்னேன்.

இரண்டாவது விண்ணப்பத்தை நானாட்டான் பெண் முன்னின்று தயாரித்தார். முப்பதில் பதினேழு பேர் தாமே எழுதினார்கள், பெரும்பாலும் தமிழில், சிலர் குரற்பதிவாக. தலைவர் பதவிக்கு வாக்கெடுப்பு நடந்தது. நான் போட்டியிடவில்லை. அந்தப் பெண் தெரிவானார். கடிதங்களை மொழிபெயர்க்க வேண்டும் என்று என்னிடம் கொண்டுவந்தபோது, “சார், எதுவும் திருத்தாதீங்க, ப்ளீஸ்” என்றார். அப்படிச் சொல்லத் தேவையில்லை என்று பதிலளித்தேன். ஒரு கடிதத்தில், முதலியார் ஐயா நல்லவர், ஆனால் எங்களை ஒருநாளும் கேட்டதில்லை என்றிருந்தது. எழுதியவரின் பெயரை நான் பார்த்தேன். மொழிபெயர்த்து, பக்க இலக்கமிட்டு அனுப்பினேன்.

அங்கீகாரம் அடுத்த ஆண்டில் வந்தது. கிளையின் அறிவித்தலை நானாட்டான் கடைச் சுவரில் ஒட்டியிருப்பதாகச் சொன்னார்கள். ஒருநாள் அவ்வழியே போக நேர்ந்தபோது நின்று வாசித்தேன். நிர்வாகிகளின் பெயர்கள் மேலே பெரிய எழுத்தில் இருந்தன. கீழே சாதாரண அங்கத்தவர்கள், அகரவரிசையில். என் பெயர் ஒன்பதாவது. பட்டமோ பதவியோ சேர்க்கப்படவில்லை. எழுத்துப்பிழை இருக்கிறதா என்று இருமுறை பார்த்தேன். இருக்கவில்லை.