யார் தேர்ந்தெடுத்தது?

பக்கத்து மேஜை அக்கா எந்தக் கடிதத்தைக் கையில் வாங்கினாலும் அடியிலிருந்து மேலேதான் படிப்பார். முதலில் கையெழுத்து, பிறகு தேதி, அதன் பிறகுதான் விஷயம். "யாரு சொல்றாங்கன்னு தெரியாம, என்ன சொல்றாங்கன்னு எதுக்குத் தெரிஞ்சுக்கணும்?" என்பார். படித்து முடித்ததும் தாளைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்ப்பார். பின்பக்கத்தில் எதுவும் இருக்காது. இருந்தும் பார்ப்பார்.

பிஸ்கட் தொழிற்சாலையின் அலுவலக அறையில் எனக்கும் இவருக்கும் அடுத்தடுத்த மேஜை. எனக்குத் தபால் அனுப்பும் வேலை. தலைமை அலுவலகத்திலிருந்து இங்கிலீஷில் வரும் அறிவிப்புகளைத் தொழிலாளர்களுக்காகத் தமிழில் எழுதித் தருவது இவர் வேலை. வருடாவருடம் புதுப்பிக்கும் ஒப்பந்தத்தில் ஒன்பது வருடமாக இருக்கிறார். பாக்கிங் பெண்கள் வைத்த பெயர் 'அகராதி அக்கா'. வேலையைப் பார்த்து வைத்த பெயரா, குணத்தைப் பார்த்து வைத்ததா என்று அவர்களைக் கேட்டால் சிரிக்கிறார்கள்.

எந்த இங்கிலீஷ் வார்த்தையையும் இவர் முழுசாக நம்புவதில்லை. அதிலும் தேர்ந்தெடுப்பதைச் சொல்லும் வார்த்தைகள் மேல் தனிக் காட்டம். ஒரு நீள நோட்டில் ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, அது எந்தத் தேதியில் எந்த அறிவிப்பில் வந்தது, பிறகு என்ன நடந்தது என்று குறித்து வைத்திருக்கிறார், போலீஸ் ஸ்டேஷனில் பழைய குற்றவாளிகளைக் குறித்து வைப்பதுபோல. ஒருநாள் நான் கேட்காமலேயே பாடம் எடுத்தார். "'செலக்ட்'னு வந்தா அவங்க ஏற்கெனவே முடிவு பண்ணிட்டாங்க தம்பி. 'பிக்'னா அவசரத்துல கைக்கு அகப்பட்டதை எடுத்தது. 'எலெக்ட்'னா நாலு பேர் கையத் தூக்கணும், அப்பத்தான் நாளைக்கு நாலு பேர் மேலயும் பழியப் போடலாம். 'சூஸ்' ஒண்ணுதான் கொஞ்சம் யோக்கியன்."

"அப்போ 'ஆப்ட்'? நாமளே விரும்பி எடுக்கறதுதானே அது?" என்றேன்.

குரலைத் தாழ்த்தினார். "அவங்க எடுத்த முடிவை நம்ம வாயால சொல்ல வைக்கிறது." நோட்டில் அதற்கு மட்டும் ஒரு பக்கம் போதாமல் மூன்று பக்கம் ஓடியிருக்கிறது.

வீட்டிலும் இதே கதைதான். 'ப்ரிஃபர்' செய்யும் பாடம் எது என்று கல்லூரி விண்ணப்பத்தில் கேட்டிருந்ததாம். மகள் ஆசையாகக் காட்ட, "அப்போ அது கிடைக்காதுன்னு வச்சுக்க" என்றாராம். திரைச்சீலைக் கடைக்காரர் பத்து வகைத் துணியை விரித்து, "எது வேணும்னாலும் எடுங்கம்மா" என்றால், இவர் விரல் அவர் திறக்காத அலமாரியைத்தான் காட்டும். நானும் தப்பவில்லை. டீயா காபியா என்று கேட்டால், "ஏன், காபி தீந்து போச்சா?" என்கிறார். எரிச்சலாக இருக்கும். பாதி நாள் தீர்ந்துதான் போயிருக்கும்.

போன வாரம், பாக்கிங் பிரிவுக்கு இயந்திரம் வரப்போகிறது என்று பேச்சு அடிபட்டது. மறுநாள் காலை மேலாளர் ஒரு படிவத்தைக் கொண்டுவந்து இவர் மேஜையில் வைத்தார். நாற்பத்து மூன்று பெண்கள் கையெழுத்திட வேண்டியது. 'கீழே உள்ளவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் கட்டத்தில் குறியிடவும்' என்று இங்கிலீஷில் இருந்தது. கீழே இருந்தது ஒரே ஒரு கட்டம். அதன் எதிரே, நானாகவே வேலையை விட்டு விலக 'ஆப்ட்' செய்கிறேன் என்று ஒரு வரி.

"இன்னொரு கட்டம் எங்க சார்?"

"அது உங்க வேலை இல்லம்மா. உள்ளதை அப்படியே தமிழ்ல போடுங்க. மத்தியானம் கையெழுத்து வாங்கணும்." கதவருகே போனவர் திரும்பிச் சிரித்தார். "உங்க கான்ட்ராக்டும் இந்த மாசம் என் மேஜைக்குத்தான் வருது."

அந்த நாற்பத்து மூன்று பேரில் இவருடைய நாத்தனாரும் ஒருத்தி. பதினொரு வருடமாக பாக்கிங்கில் நிற்கிறாள். அவள் சம்பளத்தில்தான் அவள் வீடு ஓடுகிறது. அண்ணிக்கும் நாத்தனாருக்கும் ஏழாம் பொருத்தம் என்பது தொழிற்சாலை முழுக்கத் தெரியும். அன்று அவளே ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றாள்.

"அண்ணி, இப்பவே போட்டுட்டா நல்ல சர்ட்டிஃபிகேட் தருவாங்களாம். எல்லாரும் போட்டுடலாங்கறாளுங்க. எனக்கு மனசு ஒப்பல."

"சர்ட்டிஃபிகேட்னு யாரு சொன்னா?"

"சார்தான்."

"போய் வேலையப் பாரு. கூப்பிடறேன்."

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அப்போது நான் சந்தேகப்பட்டது இவரைத்தான். படிவத்தை அப்படியே எழுதிக் கொடுத்துவிட்டு, உள்ளே போய் நாத்தனாருக்காக மட்டும் ஒரு வார்த்தை பேசிக்கொள்வார் என்று நினைத்தேன். நானாக இருந்தால் அதைத்தான் செய்திருப்பேன்.

இவர் தட்டச்சு செய்தார். முதல் கட்டத்துக்கு எதிரே மேலாளர் கேட்ட வரி, ஒரு எழுத்துக் குறையாமல். அதற்குக் கீழே இன்னொரு கட்டம்: 'வேலையில் தொடர்கிறேன்.'

"அக்கா, உங்க வேலை போயிடும்க்கா."

"ஒன்றைத் தேர்ந்தெடுக்கவும்னு அவங்கதானே போட்டிருக்காங்க? ஒண்ணே ஒண்ணை வச்சுக்கிட்டு எதைத் தம்பி தேர்ந்தெடுக்கறது?" என்றார். அந்தச் சின்ன வரியை இரண்டு தடவை தப்பாக அடித்து அழித்தார்.

நாற்பத்து மூன்று பிரதிகளையும் மேலாளர் அறைக்குக் கொண்டுபோகவில்லை. நேராக ஜன்னலுக்குப் போய் நாத்தனாரைக் கூப்பிட்டார். அவள் பின்னால் ஏழெட்டுப் பெண்கள் வந்து நின்றார்கள். முதல் படிவத்தையும் பேனாவையும் நீட்டினார். அவள் இரண்டு கட்டங்களையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"எதுல போடட்டும் அண்ணி? நீங்களே சொல்லிடுங்களேன்."

இவர் பேனாவை அவள் கையிலேயே விட்டுவிட்டார். நாற்காலியை இழுத்துச் சுவர்ப் பக்கமாகத் திருப்பிப் போட்டு, ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்துகொண்டார்.