ஏகப்பனின் கும்பிடு

பாலத்தின் ஏற்றத்தில் சோலெக்ஸ் மொபெட் திணறும்போது ஏகப்பன் அதனுடன் பேசுவார். "ஏறுடா என் அப்பச்சி, ஏறு. இன்னம் நாலே முழம்." முன்சக்கரத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அந்தச் சின்ன எஞ்சினுக்குப் பேச்சு மட்டும் போதாது. வலது காலால் பெடலையும் மிதித்துக் கொடுக்க வேண்டும். கான் ஹொய் பேட்டையில் வீடு, சைகோன் சந்தைக்குப் பக்கத்துத் துணிக்கடையில் வேலை. தினமும் காலை ஏழரைக்கு இந்தப் பாலம்.

இடது கால் சிறு வயதுக் காய்ச்சலில் சூம்பிப்போனது. தொடையில் கையை ஊன்றி ஊன்றித்தான் நடப்பார். சோலெக்ஸில் ஏறிவிட்டால் எல்லாரையும் போல ஓர் ஆள். அதனாலோ என்னவோ, கடை வாசலுக்கு வந்த பிறகும் சற்று நேரம் வண்டியை விட்டு இறங்காமல் எதிர்க்கடைக்காரர்களிடம் பேசிக்கொண்டிருப்பார்.

வண்டியில் ஒரு மணி உண்டு. வாங்கிய நாளிலிருந்து அதைத் தொட்டதில்லை. "ஊரே ஹாரன் அடிக்குது, இதுல நம்ம மணி யாருக்குக் கேக்கும்?" அது துருப்பிடித்துப்போயிருக்கிறது.

தண்டாயுதபாணி கோயில் வாசல் வந்தால் மட்டும் இரண்டு கைகளையும் பிடியிலிருந்து எடுத்து, கண்ணை மூடிக் கும்பிடுவார். வண்டி தன்பாட்டில் ஓடும். "ஒத்தக் கையால செஞ்சா அது சலாம் போடுறது. சாமிக்கு ரெண்டு கையும் வேணும்." சென்ற தைப்பூசத்தன்று இப்படித்தான் ஒரு புளியமரத்தில் மோதினார். மனைவி வள்ளியம்மை அன்றே சொல்லிவிட்டாள்: "இன்னொரு மட்டம் விழுந்தீகன்னா வண்டிய வித்துப்புடுவேன். சீக்லோ ரிக்‌ஷாவுல போங்க." அவள் சொன்னால் செய்கிறவள்.

போன செவ்வாய்க்கிழமை அவர் கண்ணைத் திறந்தபோது எதிரே ஒரு லாம்ப்ரோ நின்றது. கீரைக் கூடைக்காரி ஒருத்தியை ஏற்றிக்கொள்வதற்காக அந்த மூன்று சக்கர வண்டி நின்றிருந்தது. சோலெக்ஸ் அதன் பின்புறத்தில் இடிக்க, ஏகப்பன் தெருவில் உருண்டார். முழங்காலில் தோல் உரிந்தது, கால்சட்டை கிழிந்தது, முன்விளக்கு நொறுங்கியது. அதற்கு மேல் ஒன்றுமில்லை.

கோயில் மடைப்பள்ளியிலிருந்து ஓடிவந்த சமையல்காரர் சுப்புராமன் அவரைத் தூக்கி நிறுத்தினார். "கும்பிடு போட வந்தவரு அங்கப்பிரதட்சணமே பண்ணிட்டீகளே, செட்டியாரே."

அதற்குள் வெள்ளைச் சீருடைப் போலீஸ்காரர் வந்து லாம்ப்ரோக்காரனின் உரிமத்தை வாங்கிக்கொண்டார். நடுத்தெருவில் சட்டென்று நிறுத்திவிட்டான் என்று கூட்டம் சொன்னது. இளைஞன் முகம் வெளுத்து நின்றான். சுப்புராமன் ஏகப்பனின் காதோடு சொன்னார்: "பேசாம இருங்க. பழி அவன் மேல போகட்டும். வீட்டு ஆச்சிக்கிட்ட நானும் அதையே சொல்றேன்."

வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், சோலெக்ஸ் தப்பித்துவிடும். ஏகப்பன் அந்த இளைஞனைப் பார்த்தார். வண்டி பறிபோனவன் மறுநாள் காலை எப்படி விழித்தெழுவான் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

தவறு என்னுடையது என்று வியத்நாம் பேச்சில் சொன்னார். அது எப்படி என்று போலீஸ்காரருக்கு விளங்கவில்லை. ஏகப்பன் கிழிந்த கால்சட்டையோடு சோலெக்ஸில் ஏறி உட்கார்ந்து, கண்ணை மூடி, இரண்டு கைகளையும் கூப்பிக் காட்டினார். கூட்டம் சிரித்தது. போலீஸ்காரரும் சிரித்துக்கொண்டே உரிமத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, குற்றச் சீட்டை ஏகப்பன் பெயருக்கு எழுதினார்.

மாலையில் அந்தச் சீட்டை அவரே வள்ளியம்மையிடம் நீட்டினார். அவள் அதைப் பார்க்காமல் முழங்காலைப் பார்த்தாள்.

"லாம்ப்ரோக்காரன் மேல சொல்லியிருக்கலாம்ல?"

"சாமி வாசல்ல வச்சு எப்படிச் சொல்றது?"

அவள் காயத்தைக் கழுவி மஞ்சள் பற்றுப் போட்டாள். துணியைக் கட்டி முடித்தாள். பிறகு சொன்னாள்: "அவரு ஒங்களப் பாத்துக்குவாரு. நீங்க ரோட்டப் பாருங்க. இந்த மட்டம் விட்டேன். இனிமே கைய எடுத்தீகன்னா வண்டி கெடையாது."

மறுநாள் காலை முன்விளக்கு இல்லாத சோலெக்ஸ் பாலம் ஏறி இறங்கி, கோயில் தெருவுக்குள் திரும்பியது. மடைப்பள்ளி வேலையைப் போட்டுவிட்டு சுப்புராமன் வாசலுக்கே வந்து நின்றார். ஏகப்பனின் இரண்டு கைகளும் பிடியிலேயே இருந்தன. கண்கள் தெருவை விட்டு அகலவில்லை. கோயில் வாசலுக்கு நேரே வந்ததும் கட்டைவிரல் மட்டும் நகர்ந்து துருப்பிடித்த மணியை அழுத்தியது. முதலில் சத்தம் வரவில்லை. இன்னும் பலமாக அழுத்தி, மூன்று தரம் அடித்தார்.