ஹேண்ட்பிரேக் போடாத அன்று

அவருக்கும் ஒரு பெயர் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிடத்தான் ஆள் இல்லை. தையல் கம்பெனிப் பெண்களை ஏற்றி இறக்கும் வேனை ஓட்டிய காலம் முழுக்க அவர் ‘கர்ரக்’ அண்ணன்தான். வண்டி நின்றதும் ஹேண்ட்பிரேக்கை இழுக்கிற சத்தம் அது. மேடோ சமதரையோ, ஒரே ஒரு ஆள் இறங்கினாலும் சரி, நின்றால் இழுத்தாக வேண்டும். பின் சீட்டில் தூங்கி வழிந்த பெண்கள் அந்தச் சத்தத்துக்குத்தான் கண் விழிப்பார்கள்.

“இந்த மனுஷன விட்டா சாப்பிடுற நாற்காலிக்கும் ஹேண்ட்பிரேக் வெச்சிடுவாரு” என்பாள் மனைவி.

அவர் ஓய்வு பெற்றதும் மகன் ஓர் ஆட்டோமேட்டிக் கார் வாங்கினான்; இருவரும் மாறி மாறி ஓட்டினார்கள். அங்கேதான் சனி பிடித்தது. மகன் வண்டியை நிறுத்துவான், கியரைப் பார்க்கிங் ‘பி’யில் தள்ளுவான், விசிலடித்துக்கொண்டே இறங்கிவிடுவான்.

“ஹேண்ட்பிரேக் எங்கடா?”

“அதான் பி போட்டாச்சேப்பா. வண்டி எங்க போயிடப் போவுது?”

“அந்தப் பி-க்குள்ள என்ன இருக்குன்னு தெரியுமா? துக்கடா இரும்புக் கொக்கி. மொத்த வண்டியையும் அது தலையில கட்டிட்டு நீ பாட்டுக்குப் போறே. பிரேக்க மிதிச்சுக்கோ, ஹேண்ட்பிரேக்க இழு, அப்புறம் பி போடு.”

“சமதரையில கூடவா?”

“சமதரையில இழுக்காதவனுக்கு மேட்டுல மட்டும் ஞாபகம் வந்துடுமாக்கும்!”

“சும்மா சும்மா இழுத்தா கேபிள் தேஞ்சு போகும்பா.”

“இழுக்காம விட்டாத்தான்டா துரு ஏறி இறுகிப் போகும்.”

கார் வாங்கின நாளிலிருந்து இதே பாட்டுதான். அப்பனும் இறங்கி வரவில்லை, பிள்ளையும் இறங்கி வரவில்லை.

ஒரு நாள் காலை, பல் துலக்கும்போது அவருடைய இடது கையிலிருந்து குவளை நழுவி விழுந்தது. லேசான பக்கவாதம். பேச்சு திரும்பியது, கால் திரும்பியது, கை மட்டும் டிமிக்கி கொடுத்தது. மகன் கார் சாவியை வாங்கி வைத்துக்கொண்டான். “கை சரியாகட்டும்பா. அப்புறம் சாவி உங்ககிட்டதான்.”

வாழ்க்கை முழுக்க மற்றவர்களைக் கொண்டுபோய் விட்ட மனிதர், இப்போது முடிவெட்டப் போவதற்கும் யாராவது கூட்டிப்போக மாட்டார்களா என்று முகம் பார்க்க வேண்டியிருந்தது. அது அவருக்குப் பெரிய அவமானமாக இருந்தது. ரப்பர் பந்தை அழுத்தி அழுத்திப் பயிற்சி செய்தார். டாக்டரோ, இன்னும் கொஞ்ச நாள் போகட்டும் என்றார். வெளியே வந்தவர், “எல்லாம் சரியாயிடுச்சாம், ஓட்டலாமாம்” என்று வீட்டில் கூசாமல் புளுகிவிட்டார்.

மகன் சாவியைக் கொடுத்தான். “வாங்க, ஒரு சுத்து போயிட்டு வரலாம்” என்று பக்கத்து சீட்டில் ஏறிக்கொண்டான்.

வலது கையும் வலது காலும் வேலையைப் பார்த்துக்கொண்டன. இடது கை ஸ்டீயரிங் மேல் சும்மா ஒப்புக்குக் கிடந்தது. கியரை உள்ளங்கையாலேயே தள்ளிவிட முடிந்தது, அதற்குப் பிடி வேண்டியதில்லை. அவர் உள்ளுக்குள் குதூகலித்தார்.

மருந்துக் கடைக்குப் பின்னால், சரிவான இடத்தில் நிறுத்தினார். பி போட்டார். இடது கை பழக்கத்தில் ஹேண்ட்பிரேக்கைத் தேடிப் போனது. விரல்கள் பிடியைச் சுற்றின, இறுகவில்லை. கை மடிக்குத் திரும்பிவிட்டது. பிரேக்கிலிருந்து காலை எடுத்தார். வண்டி கொஞ்சம் பின்னால் உருண்டு, ‘டக்’கென்று கொக்கியில் மாட்டி நின்றது.

“ஹேண்ட்பிரேக் போடலையாப்பா?”

“எதுக்குடா? பி போட்டாப் போதும்னு நீதானே சொல்லுவே. யோசிச்சுப் பாத்தேன், நீ சொல்றதுதான் சரி.”

பிள்ளையைக் குளிர வைத்துவிட்டதாக நினைத்தார் பாவம். மகனுக்கு முகம் விழுந்துவிட்டது.

“அப்பா, நான் சொன்னது எதையாவது இதுவரைக்கும் சரின்னு ஒத்துக்கிட்டிருக்கீங்களா?”

அவர் கண்ணாடி வழியாக வெளியே பார்த்தார்.

“கையக் குடுங்க.”

மகன் தன் விரல்களை அந்த இடது உள்ளங்கையில் வைத்தான். “அழுத்துங்க.” அவர் பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினார். மகனுடைய விரல்கள் சுலபமாக வெளியே வந்துவிட்டன.

“சாவிய வாங்கிடாதடா” என்றார். “அதுவும் போச்சுன்னா நான் வீட்டுல சும்மா உக்காந்திருக்கிற ஆளுடா.”

மகன் கோபப்படவில்லை. “யாராச்சும் குறுக்க வந்தா, ஒரு கையால வண்டிய ஒடிச்சுத் திருப்ப முடியுமாப்பா? நீங்களே சொல்லுங்க.”

அத்தனை வருஷம் வண்டி ஓட்டியவருக்கு அதற்குப் பதில் தெரியும். பொய் சொல்ல வாய் வரவில்லை. சாவியைத் தானே கழற்றிக் கொடுத்துவிட்டு, இறங்கிச் சுற்றிவந்து, மறுபக்க சீட்டில் உட்கார்ந்தார். மகன் வண்டியை எடுத்தான்.

வீட்டு வாசல் சரிவில் மகன் வண்டியை நிறுத்தினான். பிரேக்கை மிதித்தபடியே இருந்தான், கியரைத் தொடவில்லை.

“என்னடா, இறங்கலையா?”

“பிரேக்க மிதிச்சாச்சு. அடுத்தது ஹேண்ட்பிரேக்தானே? அப்புறம்தானே பி?”

“தெரியுதில்ல? இழு.”

“நீங்க இழுங்கப்பா. அது இப்ப உங்க வலது கைப் பக்கம்தானே இருக்கு.”

அவர் குனிந்து பார்த்தார். ஆமாம், அங்கேதான் இருந்தது. எப்போதும் இடது கையாலேயே இழுத்துப் பழகியவருக்கு அது தோன்றவே இல்லை. வலது கையால் பிடித்து, பழைய வேகத்தோடு ஒரே இழுப்பாக இழுத்தார். ‘கர்ரக்’.

வீட்டுக்குள்ளிருந்து மனைவியின் குரல் கேட்டது. “மனுஷன் வந்துட்டாரு. தட்டு எடுத்து வைக்கிறேன்.”