ஆயுத பூஜையன்று ஆறிய நிக்கல்

எனக்குப் பொறுமை கிடையாது. தோசை வேகும் முன்பே திருப்பிப் போட்டுப் பிய்த்துவிடுகிற ஆள். அப்படிப்பட்டவளுக்குப் போய் கிராஃபீன் வளர்க்கிற ஆராய்ச்சி அமைந்தது.

இரண்டாயிரங்களின் கடைசி. புதுப்பட்டினத்தில் வாடகை அறை, கடலோர ஆய்வுக்கூடத்தில் ஓர் உலை. நிக்கல் தகட்டைச் சூடேற்றி மீத்தேன் விட்டால், வாயுவிலிருக்கும் கரி உலோகத்துக்குள் இறங்கிவிடும். ஆறும்போது மேலே வந்து படியும். ஒரே அணு கனத்தில் படிந்தால் கிராஃபீன். எனக்கு ஒன்றரை வருஷமாகத் திட்டுத்திட்டாகக் கரிதான் வந்தது. ஆராய்ச்சியை மதிப்பிடும் கமிட்டிக்கு ஒரு நல்ல படலமாவது காட்டாவிட்டால் உதவித்தொகை நின்றுவிடும். மதுராந்தகத்துக்குப் போய், அம்மா சொல்லிவைத்திருந்த பள்ளிக்கூட வேலையில் சேர வேண்டியதுதான்.

கமிட்டிக்கு நாலு நாள் முன்னால் ஆய்வுக்கூடத்தில் ஆயுத பூஜை. காலையிலேயே ஒரு தகட்டை ஏற்றியிருந்தேன். மீத்தேனை நிறுத்தியதும் தகடு இருக்கும் குழாயை உலையிலிருந்து வெளியே இழுத்துச் சட்டென்று ஆறவைப்பது என் வழக்கம், இல்லாவிட்டால் ஸ்டாஃப் பஸ் போய்விடும். கையுறையோடு வந்து பார்த்தால் உலைக்குச் சந்தனம், குங்குமம், சாமந்தி மாலை. டெக்னீஷியன் அண்ணன் குறுக்கே நின்றார்.

"பூஜ போட்டதத் தொடக் கூடாது மேடம். லீவு முடிஞ்சி வந்து எடுத்துக்கலாம். இன்னா அவசரம்?"

என் பொழைப்பே போகப்போகிறது என்று கத்தினேன். மனுஷன் அசையவில்லை. மீத்தேனை நிறுத்தி ஹீட்டரை அணைக்க மட்டும் விட்டார். காற்று படாமலிருக்க ஆர்கான் வாயு மெல்ல ஓடட்டும், ஆறியதும் நானே நிறுத்திவிடுகிறேன் என்று சொல்லி என் கையில் பொரியைத் திணித்தார். லீவு முழுக்க அவரைத் திட்டித் தீர்த்தேன்.

திரும்பி வந்து தகட்டை, லேசர் ஒளி பாய்ச்சி அடுக்கைக் கணிக்கும் ராமன் கருவியில் வைத்தேன். திரையில் இரண்டு முகடுகள் எழும். ஒற்றை அடுக்கென்றால் இரண்டாவது ஓங்கி நிற்கும். நின்றது. இடம் மாற்றிப் பார்த்தேன், அங்கேயும் நின்றது. ஒன்றரை வருஷமாகக் காரியத்தைக் கெடுத்தது மீத்தேனும் இல்லை, நிக்கலும் இல்லை, மெல்ல ஆறவிடாத என் அவசரம்தான். வெட்கம் ஒரு பக்கம், சிரிப்பு ஒரு பக்கம். ஓடிப்போய் அண்ணனிடம் மன்னிப்புக் கேட்டேன்.

ஆறவைக்கும் வேகத்தை எப்படித் தீர்மானித்தாய் என்று கமிட்டியில் கேட்டார்கள். பொய் வாயில் வரவில்லை.

"நான் தீர்மானிக்கலை சார். பூஜை போட்டிருந்தாங்க, தொட விடலை."

அறையே சிரித்தது. சிரித்து முடித்து இன்னும் ஒரு வருஷம் கொடுத்தார்கள், பூஜை இல்லாமலும் அதே மாதிரி வளர்த்துக் காட்ட வேண்டும் என்ற நிபந்தனையோடு.

வெளியே வந்து அம்மாவுக்கு போன் போட்டேன். பள்ளிக்கூட வேலை வேண்டாம் என்றேன். வேறு வேலை கிடைத்துவிட்டதா என்று கேட்டாள்.

"இல்லம்மா, செஞ்சுகிட்டிருந்த வேலையே கிடைச்சிருச்சு" என்றேன். அதற்கு மேல் பேச விடாமல் அழுகை வந்துவிட்டது.