நாலாம் குடிலின் சாவி

கூட்டத்தில் எழுந்து பேச எனக்கு வராது, அதனால் எழுதுகிறேன். எல்லோரிலும் இளையவள் இதைச் செய்வதைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளிக்கிழமை காலை அலுவலகக் குழுவில் மேலாளரின் செய்தி வந்தது: "கௌரி மேடம் காலமானார். ஆழ்ந்த இரங்கல். நாலாம் குடில் சாவி யாரிடம்?" மூன்றையும் ஒரே மூச்சில் எழுதியிருந்தார்.

கௌரி அக்கா யாழ்ப்பாணத்துக்காரர். புஜைராவுக்கு வெளியே உள்ள எங்கள் பண்ணையில், இந்தச் சூட்டிலும் காய்க்கும் தக்காளியை உருவாக்கியவர். இரண்டு பெற்றோர் செடிகளை மகரந்தம் மாற்றிச் சேர்த்தால்தான் அதன் விதை கிடைக்கும். ஒன்று நெட்டைக் குச்சி. மற்றதன் காய் சுண்டைக்காய் அளவு. குணம் மாறாதவற்றையே பருவந்தோறும் தேர்ந்து, இரண்டையும் நிலைப்படுத்த அவருக்குப் பல ஆண்டுகள் ஆயின. அவை வளர்வது நாலாம் பசுமைக்குடிலில்.

நான் சேர்ந்த வாரம் விருந்தினர் வருவதாக மேலாளர் ஓடிவந்தார்.

"யல்லா மேடம், சீக்கிரம், இந்தச் சொங்கிச் செடியெல்லாம் தூக்குங்க. பாக்கவே அசிங்கமா இருக்கு."

"உங்கட தக்காளியின்ர தாயும் தேப்பனும் உதுகள்தான், சேர். கலியாணப் படத்துக்கு வடிவில்லையெண்டு பெத்தவையை மண்டபத்தால கலைப்பீங்களோ?"

சிரிப்பை மறைக்க, வேறு மகரந்தம் படாமல் பூவுக்குப் பை கட்டுவதுபோல் குனிந்துகொண்டேன்.

அடுத்த ஆண்டு அக்கா லீவில் போயிருந்தபோது, விற்கும் தக்காளியிலிருந்தே விதையெடுத்து நட்டுவிட்டார் மேலாளர். முளைத்ததில் ஒன்றைப்போல் ஒன்று இல்லை. பாதிச் செடிகளில் பூ காயாகாமலே உதிர்ந்தது. விதை சரியில்லை என்று கையை விரித்தார்.

"விதையில பிழையில்லை. பேரப்பிள்ளையள் பாட்டன் பாட்டி மாதிரியும் பிறக்குங்கள். பள்ளிக்கூடப் பிள்ளையளுக்கும் தெரியும்" என்றார் அக்கா.

நாலாம் குடிலில் அக்கா முன்பே சேர்த்தெடுத்து வைத்திருந்த விதைதான் அந்தப் பருவத்தைக் காப்பாற்றியது. அந்தத் தக்காளிக்குக் கிடைத்த விருதை மேலாளர் வாங்கினார். படத்தில் அவர் கையிலிருந்த தக்காளியைப் பார்த்து அக்கா சொன்னார்: "பாவம், வெக்கத்தில சிவந்துபோச்சு."

இப்போது அதே மேலாளர் இரங்கல் கூட்டம் நடத்துகிறார். குளிரூட்டிய இடம் என்பதால், நாலாம் குடிலில் செடிகளைப் பிடுங்கி நாற்காலி போட ஏற்பாடு. நினைவாக நட, பர் துபாயிலிருந்து ரோஜாச் செடி வருகிறதாம். பெற்றோர் விதை முழுவதையும் இம்முறை அந்தக் குடிலிலேயே விதைத்தாயிற்று; காய்கள் இன்னும் பச்சை, விதை முற்றவில்லை. பிடுங்கினால் அக்காவின் தக்காளி அத்தோடு முடிந்தது. இதைப் புரிந்துகொள்ள விருது தேவையில்லை.

மருத்துவமனையில் கடைசியாகப் பார்த்தபோது கேட்டார்: "பழுத்திட்டுதோ?"

"இன்னும் இல்லக்கா."

"அப்ப நானும் பொறுக்கிறன்."

அவரால் முடியவில்லை. போய்வாருங்கள், அக்கா.

இதுவரை கேட்கத் தயங்கியதைக் கேட்டுவிடுகிறேன். நாற்காலிகளை வெளியே போடுங்கள். வெயிலில் உட்கார்ந்தே அஞ்சலி செலுத்துவோம். சாவி என்னிடம்தான் இருக்கிறது. பழுக்கும்வரை அதைக் கேட்காதீர்கள்.